தைச்ச இடம்: ஷோ பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னோட இந்தக் கலைக் கண்காட்சி ஆரம்பிச்ச நாள்ல இருந்து கேலரியில ஒரு மூலையில ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன், வர்றவங்க என்ன கேட்டாலும் ஒரு நோட்ல குறிச்சு வச்சுக்குவேன், அதுல திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்குத்தான் இங்க பதில் எழுதியிருக்கேன். மொத்தம் 17 வேலைகள் இருக்கு. துணி, தையல் பேட்டர்ன் பேப்பர், தேன்மெழுகு, துரு, பில் காகிதம், நூல், கொஞ்சமா பெயிண்ட். சில பதில் ரொம்ப நீளமா போயிருக்கும், அந்த இடத்துல எனக்குச் சொல்ல நிறைய இருந்துச்சு.

மிக்ஸட் மீடியான்னா என்ன? கொலாஜும் அதுவும் ஒண்ணுதானா?

ஒரே வேலையில ரெண்டு மூணு பொருளோ முறையோ கலந்து வந்தா மிக்ஸட் மீடியா, அவ்ளோதான். கொலாஜ் அதுல ஒரு வகை, காகிதம் துணின்னு வெட்டி ஒட்டுறது. கட்டை, இரும்பு, டப்பான்னு தடிமனான சாமானை எல்லாம் சேத்துக் கட்டினா அசெம்பிளாஜ்னு சொல்லுவாங்க, 1961ல நியூயார்க்ல மோமாங்கற நவீனக் கலை மியூசியத்துல அந்தப் பேர்லயே பெரிய கண்காட்சி நடந்துச்சு, அதுக்கப்புறம் பேர் நல்லா நிலைச்சிருச்சு. என் வேலைகள்ல ஒட்டினது, தைச்சது, மெழுகு ஊத்தினது, துருப் பிடிக்க விட்டது எல்லாம் இருக்குறதால லேபிள்ல பொதுவா மிக்ஸட் மீடியான்னு போட்டுட்டு, கீழ பொருள்களை ஒண்ணொண்ணா எழுதச் சொன்னேன். அந்தக் கீழ் வரியை தயவுசெஞ்சு படிங்க, பாதி விஷயம் அதுலதான் இருக்கு.

இதெல்லாம் எங்கிருந்து ஆரம்பிச்சுது? முதல்ல ஐடியா வந்துச்சா, பொருள் வந்துச்சா?

பொருள்தான். எங்கம்மா தையல்காரங்க, வீட்டுல மெஷின் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல தைச்சாங்க, கண்ணு மங்கி ஊசியில நூல் கோக்க முடியாம போனதும் ஒருநாள் மெஷினை மூடி மேல துணி போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு ட்ரங்க் பெட்டியைக் காலி பண்ணணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. திறந்து பாத்தா உள்ள முழுக்க பேட்டர்ன் பேப்பர், பிரவுன் பேப்பர்ல வெட்டினது, நியூஸ்பேப்பர்ல வெட்டினது, பழைய காலண்டர் முதுகுல வெட்டினது, எல்லாத்தையும் கை தனி, காலர் தனி, முன்பக்கம் தனின்னு மடிச்சு நூல்ல கட்டி வச்சிருந்தாங்க.

அதுல ஒரு கை பேட்டர்னை எடுத்து, என்ன எழுதியிருக்குன்னு பாக்க ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிச்சேன். அம்மாகிட்ட ஒரு ட்ரேசிங் வீல் இருந்துச்சு, சின்ன பல்சக்கரம், அதை அழுத்தி ஓட்டினா காகிதத்துல புள்ளிப் புள்ளியா ஓட்டை விழும், அடியில இருக்குற துணியில அடையாளம் பதியும். அந்த ஓட்டை எல்லாத்து வழியாவும் வெயில் உள்ள வந்து, தரையில ஒரு கையோட வளைவு புள்ளிப் புள்ளியா விழுந்துச்சு. நான் பேப்பரைக் கொஞ்சம் அசைச்சா தரையில அந்தக் கையும் அசையுது. அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னேன். அந்த வளைவு ஒருத்தரோட தோளுக்காகப் போட்டது, அந்த ஆள் யாருன்னுகூட எனக்குத் தெரியாது, ஆனா அவங்க தோள் எங்க முடிஞ்சு கை எங்க தொடங்குதுன்னு அம்மாவோட கைக்குத் தெரிஞ்சிருக்கு.

இன்னும் கிட்ட வச்சுப் பாத்தேன். ஒரே வளைவு மூணு தடவை போட்டிருக்கு. முதல்ல பென்சில், அதுக்கு மேல சிவப்பு சாக்பீஸ்ல கால் இன்ச் உள்ள, அப்புறம் நீல பால்பாயிண்ட்ல ஒரேயடியா அழுத்தி ஒரு கோடு. குண்டூசி குத்தின இடத்துல சுத்தி சின்ன துரு வளையம். ஓரத்துல எண்ணெய்க் கறை, மெஷின் எண்ணெய். நான் ஓவியம் படிச்சவ, கோடு போடுறதுதான் என் வேலைன்னு நினைச்சுட்டு இருந்தவ, ஆனா இவ்ளோ யோசிச்சுப் போட்ட கோட்டை என்னோட எந்த டிராயிங்லயும் நான் பாத்ததில்ல. அங்கிருந்துதான் எல்லாம் வந்துச்சு. ஒரு பொருளை யாரோ அளந்திருக்காங்க, திருத்தியிருக்காங்க, பிரிச்சு மறுபடி தைச்சிருக்காங்கன்னா அந்தத் தடம் அதுலயே இருக்கு, அது கண்ணுக்குத் தெரியிற மாதிரி சுவர்ல வைக்கிறதுதான் என் வேலைன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன்.

"தைச்ச இடம்"னு ஏன் பேர் வச்சீங்க?

அம்மா துணியை வாங்கினதும் முதல்ல தைச்ச இடத்தைத்தான் பாப்பாங்க. கலரையோ பிரிண்டையோ பாக்க மாட்டாங்க, உள்பக்கம் திருப்பி தையல்ல விரலை ஓட்டுவாங்க. ரெண்டு துண்டு சேர்ற இடத்துலதான் இழுவை அதிகம், கிழிஞ்சா அங்கதான் கிழியும், பிடிச்சு நிக்கிறதும் அங்கதான். என் வேலைகள்லயும் காகிதமும் துணியும் சேர்ற விளிம்பு, மெழுகும் இரும்பும் தொடுற விளிம்பு, அதைத்தான் நீங்க பாக்கணும்னு ஆசைப்படுறேன். நடுவுல பெருசா ஒண்ணும் இருக்காது.

"அளவு" வரிசையில ஏழு வேலைக்கும் மேல மெழுகு இருக்கே, எதுக்கு?

காகிதம் ரொம்ப மோசமான நிலையில இருந்துச்சு. நியூஸ்பேப்பர் தயாரிக்கிற கூழ்ல லிக்னின்னு ஒரு சத்து அப்படியே தங்கிடும், மரத்துல இருந்து வர்றது, வெளிச்சமும் காத்தும் பட்டா அது மாறி மாறி காகிதம் மஞ்சளாகும், அமிலமும் சேந்து நொறுங்க ஆரம்பிக்கும். அம்மாவோட நியூஸ்பேப்பர் பேட்டர்ன் எல்லாம் மடிப்புலயே உடைஞ்சு கையோட வந்துச்சு.

கோந்து தடவினா காகிதம் ஈரமாகி சாக்பீஸ் கோடு அழிஞ்சு போயிடும். அதான் மெழுகு. தேன்மெழுகுல கொஞ்சம் டமார்ங்கற மரப்பிசின் சேத்து உருக்குறது, பிசின் சேந்தா இறுகினதும் கெட்டியா நிக்கும், சீக்கிரத்துல கீறல் விழாது. தேன்மெழுகு 62, 64 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும், அதுக்கு மேல ரொம்ப சூடேத்தினா புகை வரும், அது நுரையீரலுக்கு ஆகாது, அதனால ஒரு தெர்மாமீட்டரைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, ஜன்னலைத் திறந்து வச்சு, ரெண்டு ஃபேன் போட்டுத்தான் செய்வேன். பிரஷ்ல தொட்டு காகிதத்துல வச்ச உடனே அது உள்ள இறங்கி காகிதம் கண்ணாடி மாதிரி ஆயிடும், அதுவரைக்கும் தெரியாத பென்சில் கோடு, அடியில இருக்குற அச்சு எழுத்து எல்லாம் மேல எழும்பி வரும். அந்த ஒரு நொடிக்காகவே இந்த வரிசை ஏழு வேலை வரைக்கும் போச்சு, இல்லேன்னா மூணோட நிறுத்தியிருப்பேன்.

இந்த முறை ரொம்பப் பழசு, என்காஸ்டிக்னு பேர். எகிப்துல ஃபாயூம் பகுதியில பதப்படுத்தின உடல்களோட முகத்து மேல வச்ச ஓவியங்கள் இருக்கு, பொது ஆண்டு முதல் மூணு நூற்றாண்டுகள்ல வரைஞ்சது, அதுல நிறைய மெழுகுல வரைஞ்சதுதான், கண்ணெல்லாம் இன்னும் ஈரமா இருக்குற மாதிரியே இருக்கும். நியூஸ்பேப்பரும் மெழுகும் சேந்து வர்றதுக்கு எனக்குக் கிட்டத்துல இருக்குற உதாரணம் அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954-55ல செஞ்ச கொடி. தூரத்துல இருந்து அமெரிக்கக் கொடின்னு மட்டும்தான் தெரியும், கிட்ட போனா கோடுகளுக்கு அடியில செய்தித்தாள் துண்டு எட்டிப் பாக்கும். பெயிண்ட் காய லேட்டாகுதுன்னுதான் அவர் மெழுகுக்கு மாறினார்னு படிச்சேன், இப்படி ஒரு நடைமுறைக் காரணத்துல இருந்து ஒரு பெரிய வேலை பொறந்தது எனக்கு ரொம்ப தெம்பா இருந்துச்சு.

அளவு நோட்டுல இருக்குறவங்க எல்லாம் நிஜ ஆளுங்களா? அவங்ககிட்ட கேட்டீங்களா?

நிஜ ஆளுங்கதான். தைக்க வந்தவங்களோட அளவை அம்மா எழுதி வச்ச நோட்டு அது. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், முழு நீளம்னு வரிசையா இருக்கு, ஒரே ஆளோட அளவு நாலஞ்சு வருஷம் தொடர்ந்து வர்ற பக்கமும் இருக்கு. ஒரு பக்கத்துல ஒரு குழந்தையோட தோள் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகுது, அதுக்கப்புறம் நம்பரே இல்ல. வளந்து வேற எங்கயாவது தைக்கப் போயிருக்கலாம். எனக்கு அந்தப் பக்கத்துல ரொம்ப நேரம் கண்ணு நின்னுச்சு.

உடம்போட அளவுங்கறது ஒருத்தர் நம்பிக் குடுத்த விஷயம். அதனால பேர் இருக்குற இடம் எல்லாத்தையும் நூல் வச்சு மேல தைச்சு மூடிட்டேன், பேப்பர் கிழியாம இருக்க அடியில மெல்லிசா ஒரு துணி குடுத்து. அம்மாவே உக்காந்து எது எதை மூடணும்னு சொன்னாங்க, சில பக்கத்தை "இது வேண்டாம், வை உள்ள"ன்னாங்க, ஏன்னு நான் கேக்கல. தேடிக் கண்டுபிடிக்க முடிஞ்சவங்ககிட்ட நேர்ல போய் காட்டினோம், ஒருத்தர் வேண்டாம்னு சொன்னார், அந்த வேலையை ஷோவுல வைக்கல. வேற ஒருத்தரோட பொருளை எடுத்து வேலை செய்றவங்க இதை முதல்லயே யோசிச்சுடணும், முடிச்சு ஃப்ரேம் போட்டதுக்கு அப்புறம் யோசிச்சா மனசு வராது.

எந்தக் கலைஞர்களைப் பாத்துக் கத்துக்கிட்டீங்க?

நிறைய பேர், ஆனா இந்த ஷோவுக்குன்னு சொன்னா கைத்தொழிலை விடாம கலைக்குள்ள கூட்டிட்டு வந்தவங்களைத்தான் சொல்லுவேன்.

முதல்ல ஹானா ஹோஹ். ஜெர்மன்காரங்க, 1916ல இருந்து 1926 வரைக்கும் பெர்லின்ல ஒரு பதிப்பகத்துல வேலை பாத்தாங்க, பெண்கள் பத்திரிகைக்கு எம்ப்ராய்டரி, லேஸ், தையல் டிசைன் போட்டுக் குடுக்குற வேலை. பகல்ல அது, மத்த நேரத்துல டாடாயிசம்ங்கற கலை இயக்கத்துக் குழுவோட சேந்து பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி கடுமையான அரசியல் கொலாஜ் பண்ணினாங்க. அவங்களோட சில கொலாஜ்ல தையல் பேட்டர்ன் பேப்பரே வருது, புள்ளிக்கோடு, அம்புக்குறி எல்லாத்தோடயும். அதை ஒரு புத்தகத்துல பாத்தப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு, அம்மாவோட பெட்டியில இருக்குறது கலைக்கு வெளிய இருக்குற சாமான்னு நான் வச்சிருந்த ஒரு தயக்கம் அன்னைக்கே போயிடுச்சு.

அப்புறம் பிரெஞ்சு ஓவியர் பிராக். கொலாஜ்னு பேசினாலே எல்லாரும் பிக்காசோன்னு ஆரம்பிப்பாங்க, 1912ல அவர் நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சடிச்ச ஆயில் கிளாத்தை ஓவியத்துல ஒட்டி, சுத்தி ஃப்ரேமுக்குப் பதிலா கயிறைச் சுத்தினார், அது பெரிய திருப்பம்தான். ஆனா அதே வருஷம் ஜார்ஜ் பிராக் மரப்பலகை மாதிரி அச்சடிச்ச சுவர்க் காகிதத்தை வெட்டி டிராயிங்ல ஒட்டினார் பாருங்க, எனக்கு அவர்தான் நெருக்கம். அவங்க வீடே பெயிண்டிங் காண்ட்ராக்ட் பாத்த குடும்பம், அப்பா, தாத்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற தொழில், இவரும் அதைத்தான் முதல்ல கத்துக்கிட்டார். மர ரேகை மாதிரி பெயிண்ட்ல சீப்பு வச்சு இழுக்குறது அந்தத் தொழிலோட வித்தை, அதை அவர் அப்படியே ஓவியத்துக்குள்ள கொண்டு வந்தார். வீட்டுத் தொழில் கையில இருந்தா அது எங்க போனாலும் கூட வரும்.

ஆல்பெர்த்தோ பூரி. இத்தாலிக்காரர், டாக்டர், ரெண்டாம் உலகப் போர்ல பிடிபட்டு அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஒரு முகாம்ல கைதியா இருந்தப்போதான் வரையவே ஆரம்பிச்சார். அப்புறம் 1950கள்ல சாக்குத்துணியைக் கிழிச்சு, தைச்சு, ஒட்டுப் போட்டு, எரிச்சு பெரிய பெரிய வேலைகள் பண்ணினார். டாக்டர் தையல் போட்ட காயம் மாதிரி இருக்குன்னு நிறைய பேர் எழுதினாங்க. எனக்கு அதுல சாக்கோட ஓட்டையும் தையலும் எப்படி ஒரு கோடு மாதிரி வேலை செய்யுதுங்கறதுதான் பாடமா இருந்துச்சு. அவர் படத்தைப் பாத்துட்டு வந்துதான் நூலை ஒட்டுறதுக்கு மட்டும் பயன்படுத்தாம வரையிறதுக்கும் பயன்படுத்த ஆரம்பிச்சேன்.

சோம்நாத் ஹோரோட "காயங்கள்" வரிசை. 1943 வங்காளப் பஞ்சத்தை நேர்ல பாத்து வரைஞ்சவர், அந்த வலி அவரை விட்டுப் போகவே இல்ல. 1970கள்ல களிமண்ல கீறி, குத்தி, அதுக்கு சிமெண்ட்ல அச்சு எடுத்து, அதுமேல காகிதக் கூழை அழுத்திக் காய வச்சு எடுத்தார். வெள்ளை மேல வெள்ளை. கலரே கிடையாது, உருவம்கூட கிடையாது, தோல்ல ஒரு வெட்டு மாதிரி காகிதம் புடைச்சு நிக்கும், சில இடத்துல லேசா சிவப்பு. சுவர்ல பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் விழுந்தாத்தான் முழுசா தெரியும். இந்த ஷோவுல நான் லைட்டை எல்லாம் பக்கத்துல இருந்து போடச் சொன்னதுக்குக் காரணம் அவர்தான்.

வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைச் சொல்லாம விட முடியாது. 1950கள்ல ஒரு கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை முழுசா போயிடுச்சு, அதுக்குப் பிறகும் கலர் காகிதத்தை வெட்டி, விரலால தடவிப் பாத்து, ஒட்டி ஒட்டி கொலாஜ் பண்ணினார். பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸும் 1941ல பெரிய ஆபரேஷன் ஆகி ரொம்ப நேரம் நிக்க முடியாம போனதுக்கு அப்புறம்தான் மெல்ல மெல்ல கத்தரிக்கோலுக்கே மாறினார், உதவியாளர்கள் பெயிண்ட் பூசிக் குடுத்த காகிதத்தை வெட்டி சுவர்ல குத்தச் சொல்லுவார். கண்ணு மங்கின எங்கம்மா இப்பவும் கத்தரிக்கோலைப் பிடிச்சா துணி ஓரம் நேரா வர்றதைப் பாக்குறப்போ இந்த ரெண்டு பேர் ஞாபகமும் வரும்.

அந்தக் கறுப்பு சதுரங்கள் ("பில்" 1, 2, 3) பெயிண்டா?

ஒரு சொட்டுகூட பெயிண்ட் இல்ல. எல்லாம் கடையில குடுக்குற பில் காகிதம்தான், அதை அயர்ன் பாக்ஸால தேச்சேன்.

தெர்மல் பேப்பர்ல மை கிடையாது, காகிதத்து மேல ஒரு பூச்சு இருக்கு, சூடு பட்டா அந்த இடம் கறுக்கும், பிரிண்டர் எழுத்து எழுத்தா சூடு காட்டித்தான் பில் அடிக்குது. அதான் பர்ஸ்ல வச்ச பில் ஆறு மாசத்துல வெளுத்து வெத்துக் காகிதமா ஆயிடுது. அம்மா நூல், பட்டன், லைனிங் துணி வாங்கின பில் எல்லாத்தையும் ஒரு கம்பியில குத்தி வச்சிருந்தாங்க, பழைய பேப்பர் பில் எல்லாம் நல்லாவே இருந்துச்சு, கடைசி சில வருஷத்து தெர்மல் பில்லுல மட்டும் எழுத்து ஒண்ணுமே இல்ல, கணக்கு காணாம போயிருந்துச்சு. ஒண்ணுமில்லாம வெள்ளையா நிக்கிற அந்தத் துண்டுக்கு மேல, அவங்க தினமும் துணி தேய்ச்ச அதே அயர்ன் பாக்ஸை வச்சேன். உடனே கறுத்துச்சு. ஓரத்துல சூடு சரியா படாத இடத்துல சாம்பல் நிறம், நடுவுல நல்ல கறுப்பு, அயர்ன் பாக்ஸோட மூக்கு பட்ட இடத்துல கூர்மையா ஒரு விளிம்பு. நூத்துக்கணக்குல அப்படிப் பண்ணி வரிசையா ஒட்டினது அது.

இந்தக் காகிதத்துல சிலதுல பிஸ்ஃபீனால்னு ஒரு ரசாயனம் இருக்கு, நிறைய கையாள்றவங்க கையுறை போட்டுக்குறது நல்லது, நான் போட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன். வெளிச்சத்துல இந்த வேலையும் மெல்ல மெல்ல வெளுக்கும். அதுக்கு சம்மதிச்சுத்தான் செஞ்சேன், லேபிள்லயும் அப்படியே எழுதியிருக்கு. குப்பைக் காகிதம்னு சொல்றதை வச்சு கலை பண்றதுக்கு முன்னோடி ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ், டிராம் டிக்கெட், உறை, லேபிள்னு ரோட்ல கிடக்குறதை எல்லாம் பொறுக்கி கொலாஜ் பண்ணினவர், ஒரு பேங்க் விளம்பரத்துல இருந்த "கொமெர்ஸ்"ங்கற சொல்லைக் கிழிச்சு "மெர்ட்ஸ்"னு தன் கலைக்கே 1919ல பேர் வச்சுக்கிட்டார். அவர் டிக்கெட்டுகள் நூறு வருஷம் தாண்டியும் மியூசியத்துல படிக்கிற மாதிரி இருக்கு, நம்ம பில்லு ஒரு வருஷம் தாங்கல.

துரு நிஜமா? துணி கெட்டுப் போகாதா?

நிஜத் துருதான். பழைய ஊக்கு, ஊசி, மெஷின் பாகம், பிளேடு எல்லாத்தையும் வினிகர்ல நனைச்ச காட்டன் துணிக்குள்ள மடிச்சு கட்டி, பிளாஸ்டிக் கவர் சுத்தி ரெண்டு நாள் விட்டேன். இரும்புக்கு ஈரமும் காத்தும் போதும், அமிலம் சேந்தா வேகம் கூடும். பிரிச்சா ஊக்கோட வடிவம் ஆரஞ்சும் பிரவுனுமா துணியில இறங்கியிருக்கும், ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி.

கெட்டுப் போகுமான்னா, ஆமா, விட்டா போகும். இரும்பும் மிச்சம் இருக்குற அமிலமும் சேந்து பருத்தி நாரை அரிச்சுக்கிட்டே இருக்கும், வருஷம் போகப் போக துருப் பட்ட இடத்துல துணி பொடிஞ்சு ஓட்டை விழும். அதுக்காக பேக்கிங் சோடா கலந்த தண்ணியில ஊற வச்சு, பலமுறை அலசி, நிழல்ல காய வச்சு, பின்னால இன்னொரு துணி குடுத்துத் தைச்சிருக்கேன். அப்படியும் இது நிரந்தரம்னு யாருக்கும் நான் வாக்கு குடுக்க மாட்டேன். முதல் தடவை செஞ்சப்போ இது தெரியாம அலசாம விட்டுட்டேன், மூணு வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா நல்லா இருந்த ஒரு துண்டு கையில தூளா வந்துச்சு. ரொம்ப வருத்தமா போச்சு.

கலர் ஏன் இவ்ளோ கம்மி?

பொருளோட சொந்தக் கலரே போதும்னு தோணுச்சு. பிரவுன் பேப்பர், மஞ்சளாப் போன செய்தித்தாள், துரு, சாக்பீஸ் தூளோட சிவப்பும் நீலமும். நான் வெளிய இருந்து கொண்டு வந்தது வெள்ளை அக்ரிலிக் மட்டும், அதுவும் சில இடத்துல அடிக்கோட்டை அமுக்குறதுக்கு.

தொட்டுப் பாக்கலாமா?

சுவர்ல இருக்குறதை வேண்டாம்ங்க, விரல்ல இருக்குற எண்ணெய்ப்பசை காகிதத்துல அப்படியே தங்கிடும், மெழுகுல ரேகை பதியும். ஆனா தொடாம இதைப் பாத்துட்டுப் போங்கன்னு சொல்றதும் எனக்கு மனசு ஒப்பல, தையல்னாலே விரல்தானே. வாசல் பக்கத்துல ஒரு பலகையில எல்லாப் பொருளோட துண்டும் குத்தி வச்சிருக்கு, மெழுகு போட்டதும் போடாததும், துருத் துணி, தேச்ச பில், எல்லாம் இருக்கு. எவ்ளோ வேணாலும் தடவுங்க. வெளிச்சம் மங்கலா இருக்குன்னு சிலர் சொன்னாங்க, காகித வேலைக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) அளவுலதான் மியூசியங்கள்ல வைப்பாங்க, ஒரு நிமிஷம் நின்னா கண்ணு பழகிடும்.

நடுவுல தொங்குற பெரிய துணி திருப்பி மாட்டியிருக்கா? முடிச்செல்லாம் இந்தப் பக்கம் தெரியுதே.

சரியாத்தான் மாட்டியிருக்கு. "மறுபக்கம்"னு பேர். நூல் எங்க தீந்துச்சு, எங்க முடிச்சுப் போட்டாங்க, எங்க ஒரு நூலை வெட்டாம தாண்டி இழுத்துட்டுப் போனாங்கன்னு எல்லாம் பின்பக்கத்துலதான் தெரியும். அம்மா பழகுறப்போ தைச்ச சாம்பிள் துணிகள்ல இருந்து கடைசியா தைச்ச துண்டு வரைக்கும் 40 துண்டு அதுல இருக்கு, இடது மேல் மூலையில ஆரம்பிச்சு வரிசையா வாங்க, தையல் மெல்ல சின்னதாகி நேராகி, கடைசி வரிசையில மறுபடி தடுமாறும். முன்பக்கம் சுவரைப் பாத்து இருக்கு, அதை நான் யாருக்கும் காட்டல.

ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? எவ்ளோ நாள் ஆகும்?

"பில்" ஒரு வாரம். "மறுபக்கம்" ரெண்டு வருஷம். முடிஞ்சுதுங்கறதுக்கு எனக்கு இருக்குற ஒரே அடையாளம், இனிமே நான் வைக்கிற எதுவும் அதுல ஏற்கெனவே இருக்குற ஒரு தடத்தை மறைக்கும்னு தோணுற இடம். அங்க நிறுத்திடுவேன். சிலதுல நிறுத்தத் தெரியாம தாண்டிப் போயிருக்கேன், அதெல்லாம் இங்க இல்ல.

நானும் இந்த மாதிரி செய்யணும், எங்க ஆரம்பிக்கிறது?

வீட்டுல யாராவது ரொம்ப நாள் கையில வச்சிருந்த பொருள் ஒண்ணை எடுங்க. வெட்டாதீங்க, ஒட்டாதீங்க, முதல்ல ஒரு வாரம் மேஜை மேல வச்சுப் பாருங்க, வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க, முதுகைத் திருப்புங்க. அதுல எங்க தேஞ்சிருக்குன்னு பென்சில்ல வரைஞ்சு பாருங்க. ஒரிஜினலை ஸ்கேனோ ஜெராக்ஸோ எடுத்து முதல்ல அதுல கைவைங்க, எனக்கு இதை யாரும் சொல்லல, நான் மூணு பேட்டர்னைப் பாழ் பண்ணியிருக்கேன்.

ஒட்டுறதுக்கு அமிலம் இல்லாத கோந்தா பாத்து வாங்குங்க. மெத்தில் செல்லுலோஸ் கோந்து நல்லது, பின்னாடி தப்புன்னு தோணினா தண்ணி வச்சு எடுத்துடலாம். பிவிஏங்கற வெள்ளைக் கோந்து நல்லாப் பிடிக்கும், ஆனா காகிதத்துல காஞ்சா திரும்ப எடுக்க முடியாதுன்னே வச்சுக்கோங்க. ஆயில் பெயிண்ட் மேல அக்ரிலிக் பூசாதீங்க, பிடிக்காது, உரிஞ்சு வரும். அக்ரிலிக் நல்லா காஞ்சதுக்கு மேல ஆயில் பூசலாம். அடியில மெல்லிசு கேன்வாஸை விட பிளைவுட் பலகை நல்லது, மெழுகும் கனமான பொருளும் ஆடாத தளத்துலதான் விரிசல் விடாம நிக்கும்.

என் பிள்ளையும் இதைச் செய்வானேன்னு கொஞ்சம் பேர் கேட்டாங்க, செய்வான்ங்க, அவன் கையில ஒரு ஊசியும் பழைய சட்டையும் குடுங்க, பக்கத்துல உக்காருங்க, என்ன செய்றான்னு எனக்கும் பாக்க ஆசை.

அம்மா ஷோவைப் பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?

முதல் நாளே வந்தாங்க, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. ஒவ்வொண்ணுக்கும் முன்னால மூக்கு ஒட்டுற மாதிரி கிட்ட போய் நின்னாங்க. "அளவு" மூணாவது வேலைகிட்ட நின்னு, நீலக் கோட்டைக் காட்டி "இது ஆம்ஹோல், இவங்களுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம், ரெண்டு கையும் ஒரே அளவு வெட்டினா ஒரு பக்கம் சுருங்கும், அதான் திருத்தினேன், நீ இதைத் தலைகீழா வச்சிருக்கடி"ன்னாங்க. தலைகீழாத்தான் இருந்துச்சு. கேலரியில சொல்லி அப்பவே கழட்டி திருப்பி மாட்டினோம், இப்ப நீங்க பாக்குறது திருப்பினதுக்கு அப்புறம் உள்ளது. அதுக்கு முன்னாடி எடுத்த படம் போட்ட அழைப்பிதழ்ல மட்டும் பழைய மாதிரியே இருக்கும்.

கடைசி சுவர்ல ஒரு வேலை பாதியில நிக்குதே, ஊசிகூட குத்தின மாதிரியே இருக்கே?

அது இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. காலையில கேலரி திறக்குறதுக்கு முன்னாடி அம்மா வந்து கொஞ்ச நேரம் தைக்கிறாங்க, நான் நூல் கோத்துக் குடுக்குறேன். எத்தனை தையல் வந்துச்சோ அத்தனைதான், ஒரு நாள் பத்து, ஒரு நாள் ரெண்டு, நேத்து ஒண்ணுமே இல்ல. ஊசி நிக்கிற இடம்தான் அடுத்த தையல் ஆரம்பிக்கிற இடம், ஓட்டையை அவங்களால மறுபடி தேட முடியாது, அதனால அந்த ஊசியை மட்டும் யாரும் உருவிடாதீங்க.